முகவரியற்ற ஒலி: தாமிரபரணிப் படுகையின் வில்லுப்பாட்டு ஒலிப்பேழைகள்

ஆய்வுச் சுருக்கம்

1980களிலும் 1990களிலும் திருநெல்வேலி வட்டாரத்தில் பதிவாகி, கடைவீதிகளில் நகலெடுக்கப்பட்டு, கைமாறிய வில்லுப்பாட்டு ஒலிப்பேழைகள் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் சான்றுகளாக அரிதாகவே கையாளப்பட்டுள்ளன. பதிவு செய்தவர், இடம், ஆண்டு ஆகிய விவரங்கள் அவற்றின் மேலுறையில் இல்லாமை இதற்கு முதன்மைக் காரணம். மலிவு அச்சு நூல்களைப் பாதுகாத்த சட்டம் ஒலிப்பதிவுக்கு இல்லாமற்போனதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கொடை விழாக்களில் நேரடியாகப் பதிவான பேழைகளில், மேலுறை தராத முகவரியைப் பாட்டே தருகிறது என்றும், இன்றைய எண்மமாக்கத்தில் அப்பகுதிகளே முதலில் வெட்டப்படுகின்றன என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, ஒலிப்பேழை, கொடை விழா, முத்துப்பட்டன் கதை, தாமிரபரணி, ஒலி ஆவணம்

1. முன்னுரை

தமிழ்க் கதைப்பாடல்களின் அச்சு வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. இசைத்தட்டுகளின் தொடக்க காலம் குறித்து ஸ்டீபன் ஹியூஸ் போன்றோர் ஆராய்ந்துள்ளனர். இவ்விரண்டிற்கும் பின்வந்த ஒலிப்பேழை, மக்கள் வழக்கில் ‘கேசட்’, ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் தமிழகச் சிற்றூர்களின் ஒலியுலகை ஆண்டது. அதன் வரலாறோ இன்னும் துணுக்குகளாகவே உள்ளது. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் பண்பாடு’ என்னும் நூல் இத்துறையில் முன்னோடி. எனினும் அது வட இந்தியாவைப் பற்றியது என்று அதன் துணைத்தலைப்பே சொல்லிவிடுகிறது. தமிழகச் சிற்றூர் ஒன்றில் பேழைகளை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்வதே ஒரு வழிபாட்டுச் செயலாக அமைவதைப் பால் கிரீன் 1999இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்தது. அந்தத் தொடக்கத்தைப் பின்தொடர்ந்து வந்த ஆய்வுகள் மிகச் சில.

மேலைநாடுகளில் 1970களின் இறுதியில் எழுந்த சோதனை இசைக் குழுக்கள் தம் பதிவுகளைத் தாமே பேழைகளில் நகலெடுத்து அஞ்சலில் விற்றன. பெருநிறுவனங்களின் கண்ணில் படாத அந்தச் சிறு வெளியீட்டகங்களைத் தலைமறைவு வெளியீட்டகங்கள் என அழைப்பது வழக்கம். ஆயினும் அவை தம் பேழைகளுக்கு வரிசை எண் இட்டன. இலண்டனில் 1976இல் தோன்றிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ், ஒரு குழுவின் மேடை நிகழ்ச்சிகளைத் தனித்தனிப் பேழைகளாக்கித் தொகுதியாகவே வெளியிட்டது. எந்த ஊர், எந்த நாள் என்பது அவற்றில் தெளிவு. ஆகவேதான் இன்று அவை சேகரிப்பாளரின் பட்டியல்களில் இடம்பெறுகின்றன.

திருநெல்வேலியின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே பேழைகள் மறைவாக விற்கப்படவில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளிலும், தேர் வீதிகளிலும், அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும் பட்டப்பகலில் விற்றன. கொடை நடக்கும் ஊர்களில் குழல் ஒலிபெருக்கி வழியாக ஊரெங்கும் கேட்டன. இத்தனை வெளிப்படையாகப் புழங்கியவை இன்று எந்த நூலகப் பட்டியலிலும் எளிதில் அகப்படாத அளவுக்குத் தலைமறைவாகிவிட்டன. இது நேர்ந்த விதத்தை விளக்கவே இக்கட்டுரை முயல்கிறது.

2. கொடையின் காலமும் நாடாவின் காலமும்

வில்லுப்பாட்டின் தாயகம் தாமிரபரணிப் படுகையும் அதன் தெற்கே விரியும் நாஞ்சில் நாடும் ஆகும். பிசான அறுவடை முடிந்து, வீட்டில் நெல்லும் கையில் பணமும் இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை எடுப்பர். ஆடியிலும் கொடைகள் உண்டு. குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை என நீளும் அவ்விழாவில் அத்தெய்வத்தின் கதையைப் பாடுவது சடங்கின் ஒரு கூறு. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றோடு, வீசுகோலைக் கையிற்கொண்ட தலைமைப் பாடகரும் அவருக்கு ஈடுகொடுக்கும் பின்பாட்டுக்காரர்களும் இரவெல்லாம் பாடுவர். சுடலைமாடன் கோயில்களில் மகுடம் அடிக்கும் கணியான் கூத்தும் உடன் நடப்பது திருநெல்வேலிப் பகுதியின் தனித்தன்மை.

கலிபோர்னியாவிலிருந்து வந்து 1970களின் இறுதியில் இப்பகுதியில் களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியான தம் நூலில் வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை எனப் பகுத்தார். கயிலையில் தோன்றிய தெய்வத்தின் கதை முதல் வகை. மண்ணில் வாழ்ந்து, வன்கொலைக்கு ஆளாகித் தெய்வமானவரின் கதை இரண்டாம் வகை. கதை அதன் உச்சத்தை நெருங்கும்போது சாமியாடிமீது தெய்வம் இறங்கும். அதுவரை பாடகர் கதையை இழுப்பார். தெய்வம் வந்துவிட்டால் கதையை நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குரிய தாளத்துக்கு மாறுவார். கொடையில் பாட்டின் நீளத்தை நிர்ணயிப்பது கடிகாரம் அன்று.

எனவே ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொன்றும் வில்லுப்பாட்டை எதிர்கொண்டபோது கால அளவே முதற் சிக்கலாயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். அதில் காப்பு விருத்தம்கூட நிறைவாக அடங்காது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் வில்லுப்பாட்டுக்கு இடமளித்தது. ஆனால் வானொலியின் நேரப் பகுப்பும் அதன் அறிவுரை நோக்கும் சடங்கிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வில்லுப்பாட்டையே வேண்டின. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வழியில் வந்தவரும், நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்தவருமான சுப்பு ஆறுமுகம் அந்தப் புதிய வடிவத்தின் தலைசிறந்த கலைஞர். காந்தியின் கதையை வில்லில் பாடிப் புகழ்பெற்ற அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022இல் அவர் மறைந்தார். மேடை வில்லிசை என்று இன்று நாம் அறிவது பெரிதும் அவர் வழி வந்ததே. அவருடைய சாதனையைக் குறைத்து மதிப்பிடாமலே ஒன்றைச் சொல்லலாம்: தமிழ்நாட்டின் பொது நினைவில் வில்லுப்பாட்டு என்றால் அந்த மேடை வடிவம் மட்டுமே நின்றுவிட்டது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை இந்தியச் சந்தையை 1980களில்தான் முழுமையாகப் பிடித்தது. அறுபது நிமிடப் பேழையில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடப் பேழையில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஒரு கதைக் கூறு மூச்சுவிட்டு நடக்க இந்த அளவு போதும். நான்கைந்து பேழைகள் இருந்தால் ஓர் இரவையே பிடித்துவிடலாம். அதனினும் முக்கியமான மாற்றம், பதிவுக் கருவி சென்னையிலோ கல்கத்தாவின் டம்டமிலோ இல்லாமல் ஊருக்குள்ளேயே வந்துவிட்டதாகும். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ இல்லாத தெரு 1980களின் நடுவில் குறைவு. கேட்பவரே பதிவு செய்பவரும் ஆனது தமிழ் ஒலி வரலாற்றில் அப்போதுதான்.

3. கடைப் பேழையும் கொடைப் பேழையும்

கிடைக்கும் பேழைகள் ஒரே தன்மையுடையன அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர்களை அமர்த்திப் பதிவுசெய்து, அச்சிட்ட மேலுறையோடு விற்றவை ஒருபுறம். இவற்றில் ஆர்மோனியமும் தபேலாவும் உண்டு. பின்னாளில் மின்விசைப் பலகையும் சேர்ந்தது. எதிரொலிக் கருவியின் உதவியால் தெய்வத்தின் பேச்சுக்கு ஒரு முழக்கம் ஊட்டப்பட்டது. கதை இரண்டு பக்கங்களுக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் நாட்டு வளம் சுருங்கும், அவையடக்கம் மறையும். முதற்பக்கத்தின் முடிவில் கேட்பவர் பேழையைத் திருப்பிப் போடத் தூண்டும் ஓர் இடத்தில் கதையை நிறுத்தும் உத்தியும் உருவாயிற்று. இதைச் சீரழிவு என்று ஒதுக்குவது எளிது. இரவு முழுவதும் நடக்கும் ஒரு கதையை இரு அரைமணி நேரங்களாக மடிக்க முயன்ற கலைஞர்களின் சோதனையாகவும் அதைக் கேட்கலாம். எனக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது.

இன்னொரு புறம் ‘ரிக்கார்டிங் சென்டர்’ எனப் பெயர்ப்பலகை மாட்டிய சிறு கடைகள். வாடிக்கையாளர் ஒரு துண்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், வெற்றுப் பேழையில் அவற்றைப் பதிந்து தருவர். திரைப்பாடல்களே அவர்களது முதன்மை வணிகம். ஆயினும் கொடைக்காலத்தில் வில்லுப்பாட்டு, கணியான் பாட்டு, நையாண்டி மேளம் ஆகியவற்றின் நகல்களும் அங்கே கிடைத்தன. நகலின் நகல் எடுக்கும்போது இரைச்சல் ஏறும், மேல்சுருதி மங்கும். மேலுறையின் உள்ளே பந்துமுனைப் பேனாவால் தெய்வத்தின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

வரலாற்றாய்வுக்கு மிகவும் பயன்படக்கூடியவை மூன்றாவதான கொடைப் பேழைகள். அவை விற்பனைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. பாட்டு நடக்கும்போதே கோயில் நிருவாகிகளோ, மைக் செட்டுக்காரரோ, வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்ப விரும்பிய ஒரு குடும்பத்தாரோ பதிந்துகொண்டவை. பெருக்கியிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பதிந்தவற்றில் பாடகர் குரல் துலங்கும். கூட்டத்தின் ஒலி இராது. திறந்தவெளியில் ‘டூ இன் ஒன்’ வைத்துப் பதிந்தவற்றில் நிலைமை வேறு. அக்கருவிகளில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பு உண்டு. ஓசை உரத்தால் அது பதிவைத் தணிக்கும். ஓசை தணிந்தால் பதிவை உயர்த்தும். ஆகவே குடமும் உடுக்கையும் முழங்கும்போது எல்லாம் ஒரே இறுக்கமாகக் கேட்கும். அவை நின்ற கணத்தில் பெண்களின் குலவையும், குழந்தை அழுகையும், தொலைவில் வெடிக்கும் வேட்டும் அலைபோல மேலெழுந்து வரும். கூடத்துப் பதிவில் தவறு எனக் கருதப்படும் இது, சடங்கில் பாட்டுக்கும் கூட்டத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைத் தற்செயலாகக் காட்டித் தருகிறது. தெய்வம் இறங்கியதும் பாடகர் எத்தனை அடிகளுக்குள் தாளத்தை மாற்றினார் என்பதை எழுத்துப் படியிலிருந்து அறிய முடியாது. இப்பேழையிலிருந்து அறியலாம்.

4. முத்துப்பட்டன்: வேறுபாட்டின் சான்று

இப்பேழைகளின் இடமும் காலமும் தெரிவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பாபநாசத்துக்கு மேலே, பொதிகை மலையடிவாரக் காட்டில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதை, தாமிரபரணிப் படுகையின் மேற்பகுதிக்கே உரியது. பார்ப்பனனாகிய முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தவரான வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் காதல் கொள்கிறான். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று அவர்களை மணக்கிறான். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான். மனைவியரும் தீயில் இறங்குகின்றனர். ஆடி அமாவாசைக்கு மலையேறும் பக்தர்கள் இன்றும் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாக வைக்கின்றனர்.

நாங்குநேரியில் பிறந்து, நெல்லை ஆய்வுக் குழுவையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்திய நா. வானமாமலை, இக்கதையைப் பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்டார். அவர் சுட்டிய வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனர், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் என்று பாடும் வழக்கும் உண்டு. சாதி கடந்த மணத்தை மேலோர் ஏற்கத்தக்கதாக ஆக்கச் செய்த பிற்சேர்க்கை அது என்பது வானமாமலையின் முடிவு.

இம்முடிவு ஏட்டுப் படிகளையும் அச்சுப் படிகளையும் ஒப்பிட்டு எட்டப்பட்டது. பாடுபவர் எந்த ஊரில், யாருடைய கொடையில், எந்த வடிவத்தைத் தேர்ந்தார் என்ற வினாவுக்கு அவை விடை தரா. ஒரே பாடகர் ஓர் ஊரில் ஒரு வடிவத்தையும் மற்றோர் ஊரில் இன்னொரு வடிவத்தையும் பாடியிருக்கக்கூடும். கொடை எடுக்கும் சமூகத்தின் முன்னிலையில் பாட்டு இணங்கியதா, மீறியதா என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரச் சாதி உறவுகளைப் பற்றிய வினாவும் ஆகும். அதை ஆராயத்தக்க சான்று கொடைப் பேழைகளிலேயே உள்ளது. ஊர் பெயர் அழிந்த பேழையோ வெறும் இன்னொரு பாடமாகச் சுருங்கிவிடும்.

5. சட்டமும் முகவரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான பெரிய எழுத்துக் கதை நூல்கள் கேசட்டைவிட மலிவானவை. கேசட்டைவிட மட்டமான தாளில் அச்சானவை. அவற்றுள் பல இன்றும் கிடைக்கின்றன. அறிஞர் அவற்றை மதித்துச் சேர்த்ததால் இது நேரவில்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றது. அரசுக்குப் படிகள் அளிக்க வேண்டும் என்றது. பதிவான நூல்களின் பட்டியலைக் காலாண்டுதோறும் அரசிதழில் வெளியிடவும் செய்தது. அரசு தன் குடிகளின் எழுத்தைக் கண்காணிக்க விரும்பியது. அந்தக் கண்காணிப்பு ஆய்வாளர்களுக்கு ஓர் ஆவணக் காப்பகமாக வாய்த்தது. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டம் அதே பணியைப் பொது நூலகங்களின் பொருட்டுத் தொடர்ந்தது. சென்னை கன்னிமாரா நூலகம் அதன்படி நூல்களைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. நூல்களும் பின்னர் இதழ்களும் இச்சட்டத்துள் வந்தன. ஒலிப்பதிவுகள் வரவில்லை.

ஒலிப்பேழையில் முகவரி இடவேண்டும் என்ற விதி எப்போதுமே இல்லை என்று கருதிவிடக் கூடாது. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவு, ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளர் விவரம், முதல் வெளியீட்டு ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும் என்றது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் வகை செய்தது. திருட்டு நகலைத் தடுப்பதே அதன் நோக்கம். தமக்கு உரிமையில்லாத திரைப்பாடல்களை அன்றாடம் நகலெடுத்துப் பிழைத்த கடைக்காரருக்கு முகவரி அச்சிடுவது தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும். அவர் அதே பெட்டியிலிருந்து எடுத்த வெற்றுப் பேழையில்தான் வில்லுப்பாட்டையும் பதிந்தார். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் முகவரி விதியோடு படி அளிக்கும் கடமையும் இருந்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனை மட்டுமே இருந்தது. வில்லுப்பாட்டுப் பேழைகள் தலைமறைவானது இந்த இடைவெளியில்தான்.

பாடியவரின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்த்துதலின்மீது தனி உரிமை உண்டு என்பதை இந்தியச் சட்டம் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் ஏற்றது. பாடகர், இசைஞரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் அது நிகழ்த்துநர் என வரையறுத்தது. சட்ட நூல்களில் இத்தகைய வரிகள் அரிது. ஆனால் அதற்குள் பேழைக் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அதுவரை கொடையில் பாடியதற்கான கூலியைத் தவிர, அப்பாட்டின் நகல்களிலிருந்து பாடகர் எதையும் சட்டப்படி கோர இயலவில்லை. தம் குரல் எத்தனை பேழைகளில் உலவியது என்பதை அறியும் வழியும் அவருக்கு இல்லை.

6. ஒலிபெருக்கியும் சாதியும்

1990களில் தென்மாவட்டங்களில் நிகழ்ந்த சாதி மோதல்களை விட்டுவிட்டு இப்பேழைகளின் வரலாற்றை எழுத இயலாது. 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதல், 1997இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டிய வன்முறை, 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின்போது தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்தது ஆகியவை ஒரே பத்தாண்டுக்குள் நடந்தன. அப்பத்தாண்டில் கோயில் விழாவிலும் சாவு வீட்டிலும் எந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவது என்பது உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தின் ஒரு பாடல் இவ்வகையில் பரவலாகப் பேசப்பட்டது. திரைப்பாடல்களுக்கு அப்பால், ஒவ்வொரு சமூகமும் தன் தலைவர்களையும் வீரர்களையும் போற்றும் பாடல்களைப் பேழைகளில் பதிந்து பரப்பியது. அவை வந்த வழியும் வில்லுப்பாட்டு வந்த அதே வழிதான். அதே கடைகள், அதே வெற்றுப் பேழைகள், அதே மைக் செட்.

ஈரானில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் கொமேனியின் உரைகள் பேழைகளில் பரவியதையும், சோவியத் நாட்டில் தணிக்கைக்கு உட்படாத பாடகர்களின் குரல் வீட்டுப் பதிவுகளில் கைமாறியதையும் உலக வரலாறு விடுதலையின் கதையாகச் சொல்கிறது. அரசு கட்டுப்படுத்த இயலாத ஊடகம் எளியோரின் கையில் எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. திருநெல்வேலி அவ்வளவு எளிதான சான்று தரவில்லை. முத்துப்பட்டனின் சாதி மீறலைச் சுமந்த அதே நாடா சாதிப் பெருமிதத்தையும் சுமந்தது. கொடைகளுக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கும் அனுமதி அளிக்கும் நீதிமன்ற ஆணைகளில், எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் தொடும் பாடல்கள் கூடாது என்ற நிபந்தனை இன்று வழக்கமாக இடம்பெறுகிறது. அந்த நிபந்தனையின் வேர் பேழைக் காலத்தில் உள்ளது. ஒலிப்பதிவைச் சேமிக்க ஒரு சட்டமும் செய்யாத அரசமைப்பு, அதை நிறுத்துவதற்கான சொற்களை மட்டும் தெளிவாக வகுத்துக்கொண்டது.

பலர் தம்மிடம் உள்ள பேழைகளை ஆய்வாளரிடம் தரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கதையில் வரும் குலப்பெயர்கள் இன்று பொதுவில் ஒலிக்கத் தகாதவை. அவற்றை நீக்கிவிட்டால் சான்று சிதையும். அப்படியே வெளியிட்டால் புண்படுவோர் உண்டு. காப்பகத்தில் முழுமையாக வைத்துக்கொண்டு, பொதுவில் கேட்கத் தருவதை மட்டும் வரையறுப்பதே தகுந்த வழி.

7. அழிவும் எஞ்சியதும்

நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு ஐந்து செண்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் அது ஓடும். நீண்ட நேரம் ஓடும் பேழைகளில் நாடா இன்னும் மெல்லியது. சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடக்கும்போது ஒன்றின் காந்தப் பதிவு மற்றொன்றில் மெலிதாகப் படியும். வீசுகோல் வில்லில் விழுவதற்கு ஒரு கணம் முன்பே அதன் நிழலோசை கேட்பதை இத்தகைய பேழைகளில் கவனிக்கலாம். ஆற்றோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆனால் இவற்றைவிடப் பெரிய அழிவு மனிதர் கையால் நேர்ந்தது. பேழையின் முதுகிலுள்ள சிறு தடுப்பை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு செய்ய முடியாது; உடைத்த இடத்தில் காகிதத்தைத் திணித்தால் மீண்டும் செய்யலாம். புதுப் படப் பாட்டு வேண்டியபோது பழைய கொடையின் மேல் அது ஏறியது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெற்றுப் பேழை விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். கொடையோ அடுத்த ஆண்டும் வரும்.

ஆய்வாளர் செய்த பதிவுகளின் கதை வேறு. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இப்பகுதியின் நிகழ்த்துகலைகளை ஆவணமாக்கியது. இந்திய இசைப் பதிவுகளின் படிகள் இந்தியாவிலேயே தங்க வேண்டும் என்ற நோக்கோடு 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தொடங்கிய இசையியல் ஆவணக் காப்பகம் குர்கானில் இயங்குகிறது. அ. கா. பெருமாள் போன்றோர் வில்லுப்பாட்டு மரபைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆய்வாளர் பதிவில் நாள், ஊர், பாடகர் எல்லாம் உண்டு. ஆயினும் ஆய்வாளர் தாம் வந்த ஆண்டுகளை மட்டுமே பதிவார். தாம் தகுதியானது எனக் கருதியதையே பதிவார். ஒரே ஊரின் கொடையை ஆண்டுதோறும் பதிந்து வைத்தவர் அவ்வூர்க்காரரே.

அப்படி எஞ்சிய பேழைகள் அண்மைக் காலத்தில் கைப்பேசி வழியாக எண்மமாக்கப்பட்டுப் பரவுகின்றன. ஆர்வலர் செய்யும் இப்பணியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அதில் ஒரு வழக்கம் மட்டும் கவலை தருகிறது. கதை தொடங்கும் இடத்திலிருந்து கதை முடியும் இடம்வரை வெட்டியெடுத்து, தெய்வத்தின் பெயரைத் தலைப்பாக இட்டுவிடுகின்றனர்.

வில்லுப்பாட்டின் அமைப்பை நினைவுகூர்ந்தால் இதன் விளைவு புலப்படும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி என்பது அதன் ஒழுங்கு. குருவடியில் பாடகர் தம் ஆசானைப் பெயர் சொல்லி வணங்குவார். பாடகர் மரபை அறிய அதைவிட நேரடியான சான்று இல்லை. அவையடக்கத்தில் எந்த ஊர்ச் சபைமுன் நிற்கிறார் என்பது வரும். வாழியில் கோயிலையும், ஊரையும், கொடை எடுத்தவரையும், பந்தல் போட்டவரையும், மைக் செட்டுக்காரரையும் வாழ்த்துவார். இடையிடையே பாட்டை நிறுத்தி, இன்ன ஊர் இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பார். கேட்பவருக்கு அலுப்பூட்டும் அந்த அறிவிப்புகள் ஊர்ப்பெயர், சமூக உறவு, அன்றைய பணமதிப்பு ஆகிய அனைத்தையும் தருகின்றன. சட்டம் மேலுறையில் எழுதச் சொன்ன முகவரியைப் பாடகர் தம் குரலிலேயே சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே கொடைப் பேழை ஒன்றை எண்மமாக்குவோர் இரு பக்கங்களையும் முதலிலிருந்து கடைசிவரை, அறிவிப்புகளோடும் இரைச்சலோடும், கதை முடிந்தபின் ஓடும் வெற்று நாடாவோடும் எடுக்க வேண்டும். மேலுறையில் எழுதியிருப்பதையும், அழித்து எழுதியிருப்பதையும், பேழையின் வணிகப் பெயரையும் படம் பிடிக்க வேண்டும். பேழையைத் தந்தவரிடம் அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபதிவு ஏறிய பேழைகளையும் ஒதுக்கக் கூடாது. புதிய பாட்டு பக்கத்தின் முடிவுக்கு முன்பே நின்றுவிட்டால், எஞ்சிய சில நிமிட நாடாவில் பழைய கொடையின் வாழி அழியாமல் இருக்கும்.